உத்தையாவின் இரண்டு வெடி

குடகில் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டால், எங்கோ ஒரு வீட்டில் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு கேட்டால் யாரோ போய்விட்டார்கள். இதைக் கற்றுக்கொள்ள யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட முதல் சத்தத்துக்குக் கையை நிறுத்திவிட்டு, இரண்டாவது வருகிறதா என்று காதைக் கொடுப்பார்கள். வந்துவிட்டால் எழுந்து கைகழுவி, வெள்ளை உடுத்து, சத்தம் வந்த திசையில் நடப்பார்கள். ஆள் அனுப்பிச் சொல்லாமலே சாவு வீட்டில் ஊர் கூடிவிடும். இந்த ஏற்பாட்டுக்குத் தலைவரோ செயலாளரோ கிடையாது. அதனாலேயே அது பல தலைமுறையாகப் பழுதில்லாமல் நடந்துவந்தது.

இந்தக் குறையை அரசாங்கம் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டது. உடனே ஒரு வாரியம் அமைத்தது. அதன் பெயர் மரபுவழித் துப்பாக்கிகளை அடையாளம் காணல் மற்றும் மதிப்பிடல் வாரியம். மடிக்கேரியில் அதற்கு ஒரு கட்டடம் கிடைத்தது. பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால், பாதிப் பலகை பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவமனையின் நெற்றியில் ஏறி நின்றது. மாட்டுக்கு ஊசி போட வந்த சிலர் வாசல் தெரியாமல் வாரியத்துக்குள் நுழைந்து, மாடு எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீடுதோறும் பூஜை அறையில் சாய்ந்து நிற்கும் பழைய துப்பாக்கிகளை யார் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது, இன்றைக்கு என்ன பெறும் என்று சொல்வது வாரியத்தின் வேலை. அதை விற்கப்போவதில்லை என்கிறவர்களுக்கு எதற்கு மதிப்பு என்று யாரோ கேட்டதற்கு, தன் மதிப்பு தெரியாமல் ஒரு பொருள் ஒரு வீட்டில் இருப்பது அந்தப் பொருளுக்கே அவமானம் என்று வாரியம் பதில் சொன்னது. வாரியத்தின் தலைவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் மாச்சய்யா. காளெரண்டா குடும்பத்துக்காரர்.

அதே குடும்பத்தில்தான் பூணச்சாவும் பிறந்திருந்தார். கொஞ்சம் காப்பித் தோட்டம், கொஞ்சம் வயல், மனைவி பொன்னவ்வா, இடுப்பெலும்பு முறிந்து படுத்தபடுக்கையாய்க் கிடக்கும் அப்பா உத்தையா. இவ்வளவுதான் அவர் உலகம். முத்திரை வைத்த காகிதத்தில் பொய் இருக்காது என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்த சிலரில் அவர் ஒருவர். தன் சித்தப்பா மகனே தலைவர் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, இனி வாரியமே நம்முடையது என்று வெகுளியாய் மகிழ்ந்தார்.

மழை விட்டதும் மாச்சய்யா ஜீப்பில் வந்து இறங்கினார். பொன்னவ்வா அரிசி உருண்டைக் கடம்புட்டும் பன்றிக் கறியும் எடுத்துவைத்தாள். மூன்றாவது தடவை கறி போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் பேச்சை எடுத்தார்.

"அண்ணா, நம்ம வீட்டுத் துப்பாக்கிதான் முதல்ல வரணும். தலைவரோட சொந்தக் குடும்பத்துலேர்ந்தே வரலைன்னா மத்தவன் எவன் தருவான், சொல்லு?"

மாச்சய்யா பூணச்சாவைவிடச் சில மாதம்தான் இளையவர். சாதாரண நாட்களில் பூணா என்றுதான் கூப்பிடுவார். அண்ணா என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கிறது. சிறு வயதில் அப்படிக் கூப்பிட்டே பூணச்சாவின் கவண், பம்பரம், ஒரு நாய்க்குட்டி மூன்றையும் கறந்திருந்தார். ஆனால் பூணச்சாவுக்கு அண்ணா என்ற சொல்லைக் கேட்டாலே மனசு இளகிவிடும். அதற்கு மருந்து கிடையாது.

"அது நெரஞ்சிருக்குடா" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. உத்தையாவுக்கு இடுப்பு மட்டும்தான் போயிருந்தது. வாய் அப்படியே இருந்தது.

"என்ன பெரியப்பா?"

"துப்பாக்கிடா. ரெண்டு குழலும் மருந்து நெரஞ்சிருக்கு. போன கைல்போள்துக்கு, விழுந்து தொலையறதுக்கு முன்னால, நானே உக்காந்து மருந்து போட்டு, தேங்கா நார் இடிச்சு, வாயைத் தேன்மெழுகு வெச்சு அடைச்சேன். எனக்குன்னு. நான் போனதும் இவன் பொறி தட்டற கேப்பை வெச்சு இழுத்தாப் போதும். இவனை நம்பி மருந்து அளவை விட முடியாது. கஞ்சன். கொஞ்சமாப் போட்டான்னா சத்தம் பள்ளத்தைத் தாண்டாது. அந்தப் பக்கம் என் கூட்டாளி பெள்ளியப்பாவுக்குக் கேக்கலைன்னா, அவன் வராம என்னைத் தூக்கிடுவீங்க. நான் எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

கைல்போள்து நாளில் ஆயுதங்களுக்குச் செங்காந்தள் பூச் சூட்டிக் கும்பிடும்போது, கிழவர் துப்பாக்கியுடன் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தது பூணச்சாவுக்கு ஞாபகம் வந்தது. சுட்டால்தான் காலியாகும் துப்பாக்கி அது. அப்பா தன் சாவை அதற்குள் இடித்து மெழுகு வைத்து மூடியிருக்கிறார் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மாச்சய்யா எழுந்தார். நடுவீட்டில் தொங்கும் விளக்கின் கீழே போய் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றினார்.

"இந்த விளக்கு சாட்சி பெரியப்பா. நம்ம மூதாதை காரணவர் சாட்சி. உங்க வெடியை ஒருத்தன் தொட மாட்டான். மார்க்கைப் பாத்து, மதிப்பைப் போட்டு, புது நெல்லுப் புத்தரி அறுப்புக்கு முன்னால துப்பாக்கி இந்த வீட்ல இருக்கும்."



"விளக்குக்கு முன்னால சொல்லிட்டான். எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார் உத்தையா.

வாரியத்தில் முதல் நாள் பூணச்சாவுக்கு நல்ல மரியாதை. தலைவரின் அண்ணன் என்று நாற்காலி போட்டார்கள். செயலாளர் அம்மாள் பேனாவைத் திறந்துகொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நிரம்பியிருக்கிறது என்று பூணச்சா சொன்னதும், அந்த அம்மாள் நாற்காலியோடு சுவர்வரை பின்னால் போய்விட்டு, அங்கிருந்தபடியே மீதிக் கேள்விகளைக் கேட்டார். கேப்பு வைக்காமல் அது வெடிக்காது என்று பூணச்சா எவ்வளவோ சொன்னார். "அது உங்களுக்குத் தெரியும் சார். துப்பாக்கிக்குத் தெரியுமா?" என்றார் அந்த அம்மாள்.

துப்பாக்கியை அடையாளம் காணும் பொறுப்பு பேராசிரியர் நாகபூஷணாவுடையது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குழலின் அடிப்பக்கத்தை அவர் வெகுநேரம் முகர்கிற தூரத்தில் பார்த்தார். செய்தவன் பெயர் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது.

"மார்க்கை யார் அழிச்சது?"

"யாரும் அழிக்கலைங்க. வருஷா வருஷம் கைல்போள்துக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். அப்புறம் சந்தனம் வெப்போம்."

"கும்பிட்டுக் கும்பிட்டே அழிச்சிருக்கீங்க" என்று பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் நம்ம ஜனங்களோட பிரச்சினை. ஒரு பொருள்மேல மரியாதை இருந்தா அதைத் தொடாம இருக்கணும். இங்க பாருங்க, நான் முப்பது வருஷமா துப்பாக்கி ஆராய்ச்சி பண்றேன். ஒருநாள்கூடச் சுட்டதில்லை."

"அப்ப இது யார் துப்பாக்கின்னு தெரியாதுங்களா?"

"தெரியாது."

"எங்கப்பாவோடதுங்க."

"அது அடையாளம் இல்ல, பாசம். பாசத்தை நாங்க பதிவு பண்றதில்ல."

பூணச்சா யோசித்தார். தெரியாது என்றால் சரி, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். பேராசிரியர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடையாளம் தெரியாத பொருளை எப்படிங்க திருப்பித் தர முடியும்? எதைத் தந்தோம்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா நாங்க என்ன சொல்றது? முதல்ல இது என்னன்னு தெரியணும். அப்புறம் மதிப்பு. அப்புறம்தான் நீங்க."

புத்தரிக்கு முன்னால் அது என்னவென்று தெரிந்துவிட்டது. பேராசிரியர் பூணச்சாவை வரவழைத்து, முகமெல்லாம் மலர்ந்து விஷயத்தைச் சொன்னார். குழல் ஐரோப்பா. கேப்பைத் தட்டும் குதிரை வேறு ஏதோ ஊர்ப் பட்டறை. கட்டை நம் ஊர் ஈட்டி மரம். ஆகவே இது ஒரு துப்பாக்கி அல்ல, மூன்று பொருள். பூணச்சா மூன்று விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

மூன்று கொடுத்தார். ஈட்டி மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதால் கட்டையின் விண்ணப்பம் வனத்துறைக்குப் போனது. அந்த மரம் எப்போது வெட்டப்பட்டது, யார் அனுமதியில் வெட்டப்பட்டது, அடிமரம் எங்கே என்று வனத்துறை கேட்டது. பூணச்சாவின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக் கட்டை அது. அடிமரம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் திருட்டு மரம் ஆகிவிடும் என்று செயலாளர் அம்மாள் அன்போடு எச்சரித்தார். பூணச்சா இரண்டு நாள் தோட்டமெல்லாம் குனிந்து தேடி, கடைசியில் எதற்கோ எப்போதோ வெட்டிய ஒரு பலா அடிமரத்தைக் காட்டினார். வந்த வனக்காவலர் அதன்மேலேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, ஈட்டிதான் என்று எழுதிக்கொண்டு போனார். பூணச்சாவுக்கு வாழ்க்கையில் முதல் பொய். அதைச் சொல்லவைத்தது அரசாங்கம் என்பதால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு மூன்று பொருளும் கூடி மறுபடியும் ஒரு துப்பாக்கி ஆனது. இனி மதிப்புத்தானே என்று வாரியக் கூட்டத்துக்குப் பூணச்சா நிம்மதியாகப் போனார். அங்கேதான் உள்ளே இருக்கும் மருந்து பெரிய விஷயமாக எழுந்தது.

"உள்ள மருந்து இருக்கறவரைக்கும் நாம துப்பாக்கியை மட்டும் மதிப்பிடலை" என்றார் பேராசிரியர். "துப்பாக்கியையும் இவங்க அப்பாவோட ஆசையையும் சேர்த்து மதிப்பிடறோம். ஆசைக்கு விதிமுறை இல்லை. காலி பண்ணித்தான் ஆகணும்."

"காலி பண்றதுக்குத்தாங்க வெச்சிருக்கு" என்றார் பூணச்சா. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அப்பா போனதும் சுட்டுட்டு, காலியா கொண்டாந்து குடுத்துடறேன்."

செயலாளர் அம்மாள் நாட்காட்டியைப் புரட்டினார். "அது தோராயமா எப்போ சார்?"

"எதுங்க?"

"உங்கப்பா. இந்த நிதியாண்டுக்குள்ளயா, அடுத்ததுலயா?"

பூணச்சாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மேஜையின் அந்தக் கோடியில் இருந்த மாச்சய்யாவைப் பார்த்தார். மாச்சய்யா தண்ணீர் குடித்தார். பிறகு வெளியே கூட்டிவந்து தோளில் கைபோட்டு, "நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ அண்ணா" என்றார். அண்ணா என்று கேட்டதும் பூணச்சாவுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. இறங்கியிருக்கக் கூடாது.

தை பிறந்ததும் ஒரு நல்ல செய்தி வந்தது. வாரியத்தின் முதல் கிராம முகாமை அமைச்சர் தொடங்கிவைக்கிறார். அதுவும் பூணச்சாவின் ஊர் கூடும் திடலான மந்திலேயே. பூணச்சா குடும்பத்தோடு வந்து மேடையில் உட்கார வேண்டும். மேடையில் வைத்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள் என்று பூணச்சா புரிந்துகொண்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேறு எதற்காக ஒரு மனிதனை மேடைக்குக் கூப்பிடுவார்கள்?

கல்யாணத்துக்கு எடுக்கிற கறுப்பு அங்கியான குப்யாவை எடுத்து உடுத்தி, சிவப்புப் பட்டுக் கச்சையைக் கட்டிக்கொண்டார். "இன்னிக்கு வந்துடும்ப்பா" என்றார்.

"வர்றது இருக்கட்டும். மெழுகைப் பாத்து வாங்கு. எவனாவது நோண்டியிருப்பான்" என்றார் உத்தையா.

பொன்னவ்வா வரவில்லை. கிழவரைத் தனியே விட முடியாது, தவிர மாச்சய்யா நிச்சயம் சாப்பிட வருவார் என்று அடுப்பில் கறியை ஏற்றியிருந்தாள்.

மந்தில் பந்தல், பாட்டு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் இருந்தன. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியைப் பூணச்சா நிதானமாகப் படித்தார். காளெரண்டா குடும்பத்தார் மனமுவந்து அரசுக்கு அன்பளிப்பாக வழங்கிய மரபுத் துப்பாக்கி என்று போட்டிருந்தது. கீழே அமைச்சரின் படம் பெரிதாகவும், துப்பாக்கியின் படம் சிறிதாகவும் இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அப்போதும் அதேதான் எழுதியிருந்தது.

"மாச்சு, இது என்ன?"

"துணி."

"அன்பளிப்புன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் ஒரு வழக்கம். மந்திரி வர்ற விழாவுல மதிப்பீட்டுக்கு வாங்கினதுன்னு போட்டா நல்லாவா இருக்கும்? சத்தம் போடாத பூணா, எல்லாரும் பாக்கறாங்க."

பூணா. காரியம் முடிந்துவிட்டது என்று அந்த ஒரு சொல்லிலேயே பூணச்சாவுக்குத் தெரிந்துபோனது. நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ அவர் தோளில் ஒரு சால்வையைப் போட்டார்கள். கைதட்டினார்கள்.

வாரியம் இதைச் சும்மா முடிவு செய்துவிடவில்லை. துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும், அமைச்சருக்கு மரியாதையும் செய்ய வேண்டும், இரண்டையும் ஒரே செலவில் முடித்துவிடலாம் என்று முந்தின வாரமே தீர்மானித்திருந்தது. எத்தனை வெடி என்பதில்தான் கொஞ்சம் விவாதம். ஒன்று போட்டால் அமைச்சர் இப்போதுதான் பிறந்தார் என்று ஆகிவிடும், அது அவருடைய அனுபவத்தைக் குறைத்துக் காட்டும். மூன்று போடலாம் என்றால் குழல் இரண்டுதான், மறுபடி நிறைக்கும்வரை அமைச்சர் நிற்கமாட்டார். இரண்டு போட்டால் சாவு வெடி ஆகுமே என்று ஓர் உறுப்பினர் இழுத்தார். மேஜையில் அமர்ந்திருந்தவர்களில் குடகர் என்று இருந்தது தலைவர் ஒருவர்தான் என்பதால் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "அது வீட்டுல போடறப்ப. மேடையில போட்டா மரியாதை" என்று மாச்சய்யா விளக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அமைச்சர் பேசினார். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே துப்பாக்கின்னா பயம். இதை நான் மறைக்க விரும்பலை. ஆனா இன்னொருத்தர் வீட்டுத் துப்பாக்கியை, இன்னொருத்தர் தூக்கி, வானத்தைப் பாத்து எனக்காகச் சுடறப்பத்தான் நம்ம பண்பாடு எவ்வளவு உயர்ந்ததுன்னு எனக்குப் புரியுது. இப்படிப்பட்ட ஒரு பொருள் ஏதோ ஒரு வீட்டு மூலையில, ஒரே ஒரு கிழவருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சாம். அதை விடுவிச்சு மக்களுக்குக் கொண்டுவந்த கர்னல் அவர்களை நான் பாராட்டறேன்."

அப்படியென்றால் கிழவர் விஷயம் அமைச்சர்வரைக்கும் போயிருக்கிறது. சொன்னது யார் என்று பூணச்சா யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மாச்சய்யா துப்பாக்கியைத் தூக்கினார். மெழுகு அப்படியே இருந்தது; கத்தி முனையால் அதை நெம்பி எடுத்தார். இரண்டு கேப்பையும் பொருத்தினார். "வேண்டாம் மாச்சு" என்று பூணச்சா எழுந்தபோது, புகைப்படக்காரர் அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். படத்தில் குறுக்கே வருகிறாராம்.

முதல் வெடியில் பந்தல் அதிர்ந்தது. இரண்டாவதில் அமைச்சர் மேஜைக்குக் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தார். உத்தையா அளவு தெரிந்து போட்ட மருந்து. மலை மலையாக மோதி, பள்ளத்தைத் தாண்டி, பெள்ளியப்பாவின் தோட்டத்தையும் தாண்டிப் போனது சத்தம். பூணச்சாவுக்கு யாரோ தன் அப்பாவைக் கண்ணெதிரே நிற்கவைத்துச் சுட்டதுபோல் இருந்தது. அமைச்சர் கிளம்பும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை; கிளம்பியதும் மேடையிலிருந்து குதித்து வீட்டைப் பார்த்து ஓடினார். சால்வை தோளிலேயே இருந்தது.

வழியிலேயே வெள்ளை உடுத்தியவர்கள் தென்பட்டார்கள். எல்லாரும் அவருடைய வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் காளெரண்டா துப்பாக்கியின் குரல் தெரியாத காது கிடையாது. கல்யாண உடுப்பில், சால்வையோடு ஓடிவரும் மகனைப் பார்த்து ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். மற்றவர்கள் துக்கத்தில் மனுஷனுக்கு என்ன உடுத்துகிறோம் என்றே தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டார்கள்.

வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. பொன்னவ்வா கையில் கரண்டியோடு, போகச் சொல்லவும் முடியாமல் உட்காரச் சொல்லவும் முடியாமல் நின்றாள். உள்ளே கட்டிலில் உத்தையா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் பெள்ளியப்பா தடியைப் போட்டுவிட்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். பள்ளத்தில் இறங்கி ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"அழாதடா. நான் உயிரோடதான் இருக்கேன்" என்றார் உத்தையா.

"அதுக்குத்தான்டா அழறேன், பாவி. முட்டி தேஞ்சு போச்சு எனக்கு. இவ்வளவு தூரம் நடக்க வெச்சிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

வந்தவர்கள் சிரித்தார்கள். உத்தையாவும் சிரித்தார். பொன்னவ்வா எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். கறியும் இருந்தது, ஆனால் சாவுக்கு வந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் தொடவில்லை. வெட்கத்தோடு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் இல்லாமல் போன பிறகுதான் உத்தையா மகனைப் பார்த்தார்.

"நம்மதுதானே?"

"ஆமாப்பா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"யாருக்கு?"

பூணச்சா சொன்னார். உத்தையா அந்த அமைச்சரின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

சாயங்காலம் மாச்சய்யா வந்தார். சாப்பிடத்தான் வந்தார் என்று பூணச்சா பிறகு பலரிடம் சொன்னார். ஒருவேளை சமாதானம் பேசவும் வந்திருக்கலாம். உத்தையா அவரைக் கட்டிலுக்கு அருகில் கூப்பிட்டார்.

"விளக்கு முன்னால சொன்னியேடா."

"சொன்னேன் பெரியப்பா. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை மாச்சய்யாவா சொன்னேன். வாரியத் தலைவரா சொல்லலை. தலைவருக்குன்னு சில கடமை இருக்கு. மாச்சய்யாவாப் பாத்தா எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"விளக்குக்கு ரெண்டு மாச்சய்யா தெரியாதுடா" என்று சொல்லிவிட்டு உத்தையா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். திரும்பவே முடியாத இடுப்போடு எப்படித் திரும்பினார் என்று பொன்னவ்வா வியந்தாள். அதற்குப் பிறகு அவர் வாய் குறைந்துவிட்டது. மகனைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் பூணச்சாவுக்குப் பொறுக்கவில்லை. நம்பியவன் நான், கொடுத்தவன் நான், ஒரு வார்த்தை என்னைத் திட்டக் கூடாதா என்று தோட்டத்தில் தனியாக நின்று அழுதார்.

வாரியம் மதிப்பைப் போட்டுவிட்டது. அமைச்சருக்கு வெடி போட்ட துப்பாக்கி என்று இப்போது அதற்குத் தெளிவான அடையாளம் கிடைத்திருந்தது. வழுவழுவென்றிருந்த இடத்தில் அமைச்சரின் பெயரையும் தேதியையும் செதுக்கினார்கள். அவ்வளவு மதிப்புள்ள பொருளை வீட்டில் வைத்திருக்கப் பூணச்சாவுக்குத் தகுதி இல்லை என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வேறு யாருக்காகவும் இனி வெடிக்கக் கூடாது என்று இரண்டு குழலிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். பூணச்சா கேட்கப் போனபோது, செயலாளர் அம்மாள் இப்போது தைரியமாகத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நாங்க உங்களுக்கு நல்லதுதான் சார் பண்ணியிருக்கோம். இனிமே பாதுகாப்பு" என்றார்.

அமைச்சருக்கு அந்த மரியாதை பிடித்துப்போய், போன இடமெல்லாம் சொன்னார். இரட்டை வெடி மரியாதை என்று அதற்குப் பெயரும் வந்தது. மற்ற வீடுகளிலிருந்து வந்த துப்பாக்கிகளை வைத்து, மந்துக்கு வந்த அதிகாரிக்கெல்லாம் இரண்டு போட்டார்கள். கலெக்டருக்கு இரண்டு. காப்பி வாரியத்திலிருந்து வந்தவருக்கு இரண்டு. நிகழ்ச்சிக்கு வரமுடியாமல் போன ஒரு துணைச் செயலாளருக்கு, வந்ததாகவே கொண்டு இரண்டு. முதலில் ஒவ்வொரு முறையும் ஊர் வெள்ளை உடுத்துக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில் விஷயம் தெரிந்து திரும்பியது. அப்புறம் வாசல்வரை வந்து நின்று பார்த்தது. அப்புறம் வாசலுக்கும் வரவில்லை.

கக்கட என்கிற ஆடி மாதத்து மழையில், ஒருநாள் முற்பகலில் உத்தையா போய்விட்டார். பொன்னவ்வா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். போதும் என்று கையைக் காட்டினார், அவ்வளவுதான்.

நடுவீட்டில் விளக்கின் கீழே கிடத்தினார்கள். பொன்னவ்வாவின் தம்பி முன்பே ஒருநாள் முன்யோசனையாகத் தன் தோட்டாத் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பூணச்சா முற்றத்துக்கு வந்து, வானத்தைப் பார்த்து ஒன்று போட்டார். இரண்டாவதையும் போட்டார். சத்தம் நன்றாகவே போனது. அந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பாய்களை விரித்துவைத்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கீழே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சாலையைப் பார்த்தார்கள். கார் ஏதாவது வருகிறதா என்று பார்த்திருப்பார்கள். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். ஒற்றையடிப் பாதையில் ஒருவரும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்றாள் பொன்னவ்வா.

"அதுக்கு என்ன அர்த்தம் பொன்னவ்வா? யாருக்குத் தெரியும்?"

அவளுக்கும் தெரியவில்லை. அப்போது தொலைபேசி அடித்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெள்ளியப்பா.

"என்னடா பூணா, இந்த மழையில எந்த மந்திரி? உங்கப்பன்கிட்ட ஃபோனைக் குடு. அவன் என்ன சொல்லித் திட்டறான்னு கேக்கணும். ரொம்ப நாளாச்சு அவன் வாயைக் கேட்டு."

"மாமா, அப்பாவுக்குத்தான் போட்டோம்."

அந்தப் பக்கம் கிழவர் சிரித்தார். "அட! அவனுக்கும் மரியாதை பண்ணிட்டாங்களா? பரவால்லியே உங்க வாரியம். படுத்துக்கிட்டே வாங்கிட்டானா?"

பூணச்சா விளக்கின் கீழே கிடந்தவரைப் பார்த்தார். அந்த நாட்டில் எந்த மகனும் தன் வாயால் சொல்ல வேண்டியிராத ஒன்றை அவர் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்ல மாமா. அப்பா செத்துட்டார்" என்றார்.

பிறகு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.